தேர்ந்து செல்லும் வழி

நுழையும்முன்

பயணத்திற்குப் புறப்படும் எவருக்கும் ‘எதைக் காண்பது, எங்கே உண்பது’ என்னும் இரு வினாக்கள் எழும். முற்காலத்தில் விடை கூற ஆள் கிடைப்பது அரிதாக இருந்தது. இன்று கைப்பேசியைத் தொட்டவுடன் நூறு விடைகள் வந்து குவிகின்றன. அதனாலேயே தேர்வு கடினமாகிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்துப் பொன்னமராவதியை நடுவிடமாகக் கொண்டு, சில நாள் விடுமுறையில் காணும் இடங்களையும் உண்ணும் உணவையும் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கொடும்பையில் பிரிந்த வழிகள்

உறையூரைக் கடந்து மதுரையை நோக்கி நடந்த கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வழியில் ஒரு சோலையில் தங்கினர். பாண்டிய நாட்டிலிருந்து வந்த மாங்காட்டு மறையவனை அங்கே கண்டனர். மதுரைக்குச் செல்லும் வழியைக் கோவலன் அவனிடம் கேட்டான். கொடும்பை என்னும் ஊரின் பெருங்குளக் கரையை அடைந்தால் சிவபெருமானின் சூலம்போல வழி மூன்றாகப் பிரியும் என்று மறையவன் கூறினான்.

அவன் அத்துடன் நிறுத்தவில்லை. வலப்பக்கத்து வழி வறண்ட மரங்கள் நிறைந்த காட்டையும் அதற்கப்பால் விளைநிலங்களையும் தாண்டிச் சிறுமலையை ஒட்டிச் செல்லும்; இடப்பக்கத்து வழியில் திருமால்குன்றமும் அங்குள்ள வியப்புக்குரிய பொய்கைகளும் உள்ளன; நடுவிலுள்ள வழியே பொதுவாக நடப்பதற்கு ஏற்றது, ஆயினும் அங்கே மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு என ஒவ்வொன்றின் இயல்பையும் இடரையும் விரித்துரைத்தான். திருமால்குன்றத்துப் பொய்கைகளின் அரிய பயன்கள் தமக்குத் தேவையற்றவை என்று கவுந்தியடிகள் விடையளித்தார். மூவரும் நடுவழியே சென்றனர்.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் இடம்பெறும் இக்கொடும்பை, இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் கொடும்பாளூர் ஆகும். மறையவன் செய்தது, இன்றைய சுற்றுலா வழிகாட்டி ஒருவர் செய்ய வேண்டிய பணி. வழிகளை அவன் தரவரிசைப்படுத்தவில்லை. ஒவ்வொரு வழியும் எத்தகையது என்று மட்டும் கூறினான். தமக்கு எது தேவை, எது தேவையில்லை என்று முடிவு செய்யும் பொறுப்பு நடப்பவரிடமே இருந்தது.

சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படை நூல்களும் இப்பணியையே செய்கின்றன. பரிசில் பெற்ற கலைஞர் பெறாதவருக்கு வழிகூறும்போது வள்ளலின் புகழை மட்டும் பாடுவதில்லை. மலைபடுகடாம் பாசி படர்ந்து வழுக்கும் பாறைகளையும், பன்றிகளுக்காகத் தோண்டிய குழிகளையும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்களையும் முன்கூட்டியே எச்சரிக்கிறது. பெரும்பாணாற்றுப்படை எந்நிலத்தில் எவ்வகை உணவு கிடைக்கும் என்று கூறுகிறது. ஆயர் குடியில் பாலும் தினைச்சோறும், உழவர் இல்லத்தில் வெண்சோறும் கோழியும், அந்தணர் மனையில் மாவடு ஊறுகாயும் என அப்பட்டியல் நீள்கிறது. அந்தந்த நிலத்தில் விளைவதையே அங்கே உண்ணலாம் என்பது அந்நூலில் இயல்பாக அமைந்த செய்தி. உணவைத் தேர்வதற்கு இதைவிட நல்ல அளவுகோலைப் பிற்காலம் கண்டுபிடித்துவிடவில்லை.

ஊரும் சுற்றுப்புறமும்

பொன்னமராவதி ஒரு வட்டத் தலைநகரம். இங்கே தொடர்வண்டி நிலையம் இல்லை. எனினும் மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, காரைக்குடி, சிங்கம்புணரி ஆகிய ஊர்களுக்குச் செல்லும் பேருந்துகள் இங்கே கூடிப் பிரிகின்றன. பழங்காலத்திலும் இப்பகுதி சோழ, பாண்டிய நாடுகளுக்கு இடைப்பட்ட எல்லை நிலமாகவே விளங்கியது. எல்லை நிலத்தில் ஒரே அரசமரபின் கலை மட்டும் தங்குவதில்லை. சமண முனிவர், முத்தரையர், இருக்குவேளிர், பாண்டியர், சோழர், சேதுபதிகள், தொண்டைமான்கள், நகரத்தார் எனப் பலரும் விட்டுச்சென்ற அடையாளங்கள் ஏறத்தாழ அரைநாள் பயணத் தொலைவுக்குள் நெருங்கிக் கிடக்கின்றன.

இந்த நெருக்கமே பயணியை ஏமாற்றுகிறது. நிலப்படத்தில் பார்த்தால் எல்லாம் அருகருகே தோன்றும். ‘ஒரே நாளில் எட்டு இடங்கள்’ என்று திட்டமிடத் தோன்றும். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பும் அத்தகைய பயணத்தில், ஊர்தியில் அமர்ந்திருந்த நேரத்தையும் உணவுக்குக் காத்திருந்த நேரத்தையும் கழித்தால் ஓர் இடத்திற்கு அரைமணி நேரம்கூட மிஞ்சாது. ஒரே நாளில் பல தலங்களைச் சுற்றிக்காட்டும் தொகுப்புப் பயணங்கள் வழிபாட்டிற்குப் பொருந்தலாம். நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் வணங்க எண்ணுபவருக்கு ஒன்பதும் நிறைவடைவதே நோக்கம். ஓவியத்தையும் கல்வெட்டையும் காண எண்ணுபவரின் நோக்கம் அத்தகையதன்று. இவ்விரு பயணங்களையும் ஒரே அளவுகோலால் திட்டமிடுவதிலிருந்தே பெரும்பாலான ஏமாற்றங்கள் பிறக்கின்றன.

ஒரு குடும்பம் இரண்டு நாள் விடுமுறையில் பொன்னமராவதியில் தங்குவதாகக் கொள்வோம். முழங்கால் வலியுள்ள பாட்டி, பெற்றோர், பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகள், எட்டு வயதுச் சிறுவன் எனக் குடும்பத்தில் ஐவர். இவர்களுக்குச் சுற்றிலும் உள்ள இடங்களை இரு திசைகளாகப் பிரித்துக்கொள்வது எளிது. வடக்கே கல்லின் திசை: சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர். தென்கிழக்கே திருமயம் தொடங்கிச் செட்டிநாடு நோக்கிச் செல்வது வீடுகளின் திசை: கடியாபட்டி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, காரைக்குடி. நாளுக்கு ஒரு திசை என்று வகுத்துக்கொண்டால் வந்த வழியே மீண்டும் அலைய நேராது.

கல்லின் திசை

முதல் நாளில் சித்தன்னவாசலுக்கே முதலிடம் தரவேண்டும். புதுக்கோட்டையிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இக்குன்றில் காணத்தக்கவை இரண்டு. ஒன்று, மலையின் மேற்குச் சரிவில் குடைந்தெடுக்கப்பட்ட அறிவர் கோயில். மற்றொன்று, மலையுச்சியை அடுத்துக் கிழக்கு நோக்கி அமைந்த ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை. அங்கே சமண முனிவர்கள் துறவு மேற்கொண்ட 17 கற்படுக்கைகள் உள்ளன. தமிழி எழுத்தில் பொறித்த பழைய கல்வெட்டும் உண்டு.

அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைப் பொய்கை ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மலர்ந்த தாமரைகளும் மொட்டுகளும் இலைகளும் பரந்துகிடக்க, அவற்றினிடையே மீன்களும் பறவைகளும் யானைகளும் எருமைகளும் காணப்படுகின்றன. மலர் பறிக்கும் ஆடவர் மூவர் நீரில் இறங்கி நிற்கின்றனர். தூண்களில் ஆடல் மகளிரும், அரசன், அரசி எனக் கருதப்படும் உருவங்களும் உள்ளன. பாண்டிய மன்னன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அஃதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரையைச் சேர்ந்த இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்ததை இங்குள்ள கல்வெட்டு கூறுகிறது.

இவ்வோவியங்கள் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டப்பட்டவை. புகையும் ஈரமும் மனிதர் கைகளும் பட்டுப் பெரும்பகுதி மங்கிவிட்டது. விரைந்து வந்து அண்ணாந்து பார்ப்பவருக்கு முதலில் பச்சையும் சிவப்புமாகச் சில திட்டுகளே தெரியும். ‘ஒன்றும் இல்லையே’ என்று திரும்பிச் செல்வோரும் உண்டு. ஐந்து நிமிடம் அமைதியாக நின்று கண்ணை அரையிருளுக்குப் பழக்கினால்தான் ஒரு தண்டு தெரியும். அதைத் தொடர்ந்தால் மலர் தெரியும். மலருக்கு அப்பால் மீன் தெரியும். பட்டியலில் உள்ள எட்டு இடங்களில் ஒன்றாகச் சித்தன்னவாசலைச் சேர்ப்பவருக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. எஞ்சியுள்ள வண்ணத்தைக் காக்க, கூட்டமாக உள்ளே நெருங்குவதையும் சுவரில் சாய்வதையும் கைப்பேசியின் மின்னொளியைப் பாய்ச்சுவதையும் தவிர்த்தாக வேண்டும். அழிந்தபின் மீண்டும் தீட்டிக்கொள்ளக்கூடிய பொருளன்று அது.

நேரத்தையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளலாம். ஏழடிப்பட்டத்திற்கு வெறும் பாறைமேல் ஏறவேண்டும். பங்குனி, சித்திரை மாதங்களில் பத்து மணிக்கே பாறை சுடத் தொடங்கும். ஆதலால் தளம் திறந்தவுடன் மகளும் தந்தையும் மலையேறிவர, பாட்டியும் தாயும் சிறுவனும் நிழலில் அமர்ந்து காத்திருந்து, பின்னர் அனைவரும் சேர்ந்து அறிவர் கோயிலைக் காண்பது பொருத்தமான ஏற்பாடு. எல்லோரும் எல்லாவற்றையும் காணவேண்டும் என்னும் பிடிவாதமே குடும்பப் பயணங்களைக் கெடுக்கிறது.

அடுத்தது குடுமியான்மலை. சிகாநாதர் கோயிலின் மண்டபத் தூண்களில் உள்ள பெரிய சிற்பங்கள் சிறுவனைக் கவரும். மகளுக்கு உரியது, குடைவரையை அடுத்த பாறையில் பொறிக்கப்பட்டுள்ள இசைக்கல்வெட்டு. கிரந்த எழுத்தில் அமைந்த இது 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது எனக் கருதப்படுகிறது. சுரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டு, பண்வாரியாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. இறுதியில் தமிழிலும் ஒரு குறிப்பு உள்ளது. எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியன என்னும் பொருள்பட அமைந்த அக்குறிப்பு யாழின் நரம்புகளைச் சுட்டுவதாக அறிஞர் பொருள் கொள்வர். ஒலியாகப் பிறந்து ஒலியாக மறையும் இசையை ஒரு பாறையில் எழுதிவைக்க எவரோ எண்ணியிருக்கிறார் என்பதே வியப்பு. இதை எழுதச் செய்தவன் மகேந்திரவர்மன் என்னும் கருத்து நெடுங்காலம் வழங்கியது. இப்போது அது ஐயத்திற்குரியதாகவே கருதப்படுகிறது. வழிகாட்டி ஒருவர் அதை உறுதியான செய்தியாகச் சொன்னால், ‘எதைக் கொண்டு அவ்வாறு கூறுகிறீர்கள்?’ என்று பணிவாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல வழிகாட்டி அவ்வினாவை விரும்புவார்.

நண்பகலில் பெரும்பாலான கோயில்களின் நடை சாத்தப்பட்டு, மாலை நான்கு மணியளவில் மீண்டும் திறக்கப்படும். இவ்விடைவெளியை உணவுக்கும் அருங்காட்சியகத்திற்கும் ஒதுக்கலாம். 1910ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் உள்ளது. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வாயிலுக்குச் சென்றபின் இதை அறிவது வீண் அலைச்சல்.

மாலையில் கொடும்பாளூரா, நார்த்தாமலையா என்பது கடினமான தேர்வு. நார்த்தாமலையில் உள்ள விசயாலய சோழீச்சரம் முத்தரையர் கட்டியது. அதன் கருவறை வட்ட வடிவில் அமைந்தது. ஆனால் அங்கே செல்லச் சரிவான பாறையில் நடக்க வேண்டும். கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயில் சமதரையில் உள்ளது. மூன்றில் இரண்டே எஞ்சியுள்ளன; மூன்றாவதன் அடித்தளம் மட்டும் காணப்படுகிறது. பாட்டி உடன்வரும் குடும்பத்திற்குக் கொடும்பாளூரே ஏற்றது.

வீடுகளின் திசை

இரண்டாம் நாளில் வழியிலேயே வருவது திருமயம். சத்தியகிரீசுவரர், சத்தியமூர்த்திப் பெருமாள் ஆகிய இரு கோயில்களும் ஒரே குன்றின் அடியில் அடுத்தடுத்து அமைந்தவை. பாறையிலேயே செதுக்கப்பட்ட பள்ளிகொண்ட பெருமாளைக் காண மலையேற வேண்டியதில்லை. 1687இல் கிழவன் சேதுபதி எழுப்பியதாகக் கூறப்படும் கோட்டையில் ஏறுவதற்கு மட்டுமே கால்வலிமை தேவை. விடுதலைப் போராட்ட வீரர் சத்தியமூர்த்தி 1887இல் பிறந்த ஊரும் இதுவே.

திருமயத்தைக் கடந்து செட்டிநாட்டு ஊர்களுக்குள் நுழைந்ததும் காட்சி மாறுகிறது. அகன்ற நேர்த்தெருக்கள், ஒரு தெருவில் தலைவாயிலும் அடுத்த தெருவில் பின்வாயிலுமாக நீண்டுகிடக்கும் வீடுகள். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என ஒன்றன்பின் ஒன்றாக அவை விரியும். வளவின் நடுவே வானம் பார்த்த முற்றத்தில் மழைநீர் இறங்கும். பர்மாவிலிருந்து வந்த தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்சியக் கண்ணாடி, முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு ஆகியன இவ்வீடுகளின் பெருமைகள். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் வணிகம் செய்த நகரத்தார் ஈட்டிய செல்வம் இங்கே கட்டடமாக நின்றது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும், 1942இல் பர்மாவை ஜப்பானியர் கைப்பற்றியதும் அச்செல்வத்தின் ஊற்றை அடைத்தன.

அதன்பின் நேர்ந்ததைப் பயணி அறிந்திருக்க வேண்டும். ஒரு வீட்டிற்கு இன்று பல பங்காளிகள் உரிமையாளர். அவர்கள் சென்னையிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றனர். திருமணத்திற்கோ படைப்பிற்கோ வீட்டைத் திறந்து கூடிவிட்டு மீண்டும் பூட்டிச் செல்கின்றனர். ஓடு பெயர்ந்து மழை இறங்கினால் பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பது என்னும் வினாவிற்கு விடை காண்பது எளிதன்று. விடை கிடைக்காதபோது வீடு பிரிக்கப்படுகிறது. தூண்களும் கதவுகளும் நிலைகளும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளை அடைகின்றன. அக்கடைகளைச் சுற்றிப் பார்ப்பது இனிய பொழுதுபோக்குதான். ஆயினும் அங்கே சாய்த்து வைத்திருக்கும் தேக்குத்தூண் எங்கோ ஒரு வீடு இல்லாமல் போனதன் அடையாளம். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் இடம்பெற்றதனால் மட்டும் கூரை ஒழுகாமல் இருப்பதில்லை.

இங்கேதான் பயணியின் தேர்வு தன்னளவில் நின்றுவிடாமல் பிறரையும் தொடுகிறது. சில வீடுகள் கட்டணம் பெற்றுப் பார்வையாளரை அனுமதிக்கின்றன. சில வீடுகள் விருந்தினர் தங்கும் விடுதிகளாகவும் உணவு வழங்கும் இடங்களாகவும் மாறியுள்ளன. அங்கே செலுத்தும் பணத்தில் ஒரு பங்கு கூரைக்கும் சுவருக்கும் செல்கிறது. தெருவில் நின்று முகப்பைப் படமெடுத்துச் செல்வதால் அவ்வீட்டிற்கு எந்தப் பயனும் இல்லை. மக்கள் குடியிருக்கும் வீட்டின் வாயிலில் கேட்காமல் நுழைவது பண்பாடும் ஆகாது. ஆகவே ஐந்து வீடுகளின் முகப்புகளை வெளியில் நின்று காண்பதைவிட, ஒரே வீட்டைக் கட்டணம் செலுத்தி முழுமையாகக் காண்பது மேல்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைகளையும் அவ்வாறே காணலாம். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, வண்ணக் குழம்புகளைக் கையால் ஊற்றுவர். அச்சை எடுத்தபின் உள்ளூர் மணலும் சிமெண்டும் கலந்த கலவையை இட்டு அழுத்துவர். பின்னர் நீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துவர். கண்ணாடி தானே விலகும்போது கல்லின் முகம் கண்ணாடிபோல் மின்னும். சூளை தேவையில்லை. சிறுவன் அங்கிருந்து கிளம்ப மறுப்பான் என்பதைக் கணக்கில் கொண்டு ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை வாங்க எண்ணும் தாய்க்குக் காரைக்குடியில் மற்றொரு மணி நேரம் தேவைப்படும்.

இத்திட்டத்தில் பிள்ளையார்பட்டியும் குன்றக்குடியும் விடுபடுகின்றன. அவை பெருமை குறைந்தவை என்பது இதன் பொருளன்று. வழிபாட்டுக்கென்று தனியே ஒரு காலைப்பொழுதை ஒதுக்கிச் செல்லத்தக்க தலங்கள் அவை; பட்டியலில் ஒட்டாகச் சேர்க்கத்தக்கவை அல்ல.

இலையில் விழும் தேர்வு

செட்டிநாட்டு உணவு என்னும் பெயர் இன்று உலகெங்கும் உணவகப் பலகைகளில் காணப்படுகிறது. எண்ணெய் மிதக்கும் செந்நிறக் குழம்பும் கண்ணீர் வரவழைக்கும் காரமுமே அதன் இலக்கணம் என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வுணவின் சிறப்பு மணத்தில் இருக்கிறது. மிளகு, சோம்பு, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு ஆகியவற்றுடன் பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் கல்பாசியைச் சேர்த்து, அன்றன்று வறுத்து அரைப்பதால் எழும் மணம் அது. முன்பே அரைத்து வைத்த பொடியில் அம்மணம் நிற்பதில்லை. அரைத்துச் சமைப்பதற்கு ஆளும் நேரமும் வேண்டும். நூறு பெயர்கள் கொண்ட உணவுப்பட்டியலை வைத்திருக்கும் உணவகத்தால் நூறையும் அவ்வாறு செய்ய இயலாது. பட்டியல் சுருங்கியிருப்பது பெரும்பாலும் நல்ல அறிகுறி.

வணிகம் சென்ற வழியெல்லாம் உணவிலும் பதிந்துள்ளது. கருநிறக் கவுனி அரிசி பர்மாத் தொடர்பை நினைவூட்டுவது; தேங்காயும் சர்க்கரையும் சேர்த்து அது இனிப்பாகப் பரிமாறப்படுகிறது. இரவையால் செய்யும் ரங்கூன் புட்டின் பெயரே அதன் கதையைச் சொல்லும். பச்சரிசியும் உளுந்தும் அரைத்துச் சிவக்காமல் பொரித்தெடுக்கும் வெள்ளைப் பணியாரம், பாலில் ஊறும் பால் பணியாரம், வெல்லம் சேர்ந்த கந்தரப்பம், சீயம், தேன்குழல், சீப்புச் சீடை எனப் பலகாரங்களின் வரிசை மிகப் பெரிது. இவற்றுள் பல, வீட்டு அடுப்படிகளில் பெண்கள் சேர்ந்து செய்து விற்பவை. காரைக்குடியிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் சிறு பலகாரக் கடைகளில் கிடைப்பவை, ஒளிவிளக்குப் பலகையுடைய பெரிய உணவகங்களில் கிடைப்பதில்லை.

அப்படியானால் எங்கே உண்பது? கைப்பேசியில் காணும் நட்சத்திரக் குறிகள் ஓரளவே உதவும். அவற்றை இட்டவர் யார், எந்த ஊரார், எதை விரும்புபவர் என்பது தெரியாது. நெடுஞ்சாலையில் ஊர்தி நிறுத்த வசதியுள்ள உணவகத்திற்கு ஆயிரம் குறிகள் சேர்வதும், உள்ளூரார் மட்டும் உண்ணும் மெஸ்ஸுக்குப் பத்துக் குறிகளே இருப்பதும் இயல்பு. அக்குறிகளைவிட, இடப்பட்ட கருத்துகளைப் படித்து, ‘எந்த உணவு, எந்த நேரத்தில்’ என்று தெளிவாக எழுதியவரை நம்பலாம். அதைவிட நம்பத்தக்கது, பேருந்து நிலையத்தில் ஆட்டோ ஓட்டுநரிடம் ‘நல்ல ஓட்டல் எது?’ என்று கேட்காமல், ‘நீங்கள் மதியம் எங்கே சாப்பிடுவீர்கள்?’ என்று கேட்பது. வினா மாறினால் விடையும் மாறும்.

கடைக்குள் நுழைந்தபின் பார்க்கவேண்டியவை சில உண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையின் உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண் கண்ணில் படுமாறு வைக்கப்பட்டுள்ளதா, குடிநீர் காய்ச்சியதா, கை கழுவும் இடம் தூய்மையாக உள்ளதா என்பன அவை. நேரமும் உணவின் ஒரு பகுதியே. சிறிய மெஸ்களில் இலைச்சாப்பாடு மூன்று மணிக்குமுன் தீர்ந்துவிடும். பலகாரங்கள் மாலையில்தான் அடுப்பேறும். நண்பகல் மூன்றரை மணிக்குச் சென்று, முன்பே ஆறிப்போன குழம்பை உண்டுவிட்டு, ‘செட்டிநாட்டு உணவு இவ்வளவுதானா’ என்பது உணவுக்குச் செய்யும் அநீதி. மரபு வீடுகளில் வழங்கும் விருந்துக்கு முந்தைய நாளே சொல்லிவைக்க வேண்டும். விலையையும் அப்போதே கேட்டறிதல் நன்று. ஐவருக்கும் அங்கே உண்ணும் செலவு மிகுதி எனத் தோன்றினால், ஒரு வேளையை மட்டும் அதற்கு ஒதுக்கி, மற்ற வேளைகளில் இட்டிலியும் இடியாப்பமும் கிடைக்கும் சிறு கடைகளை நாடலாம். பாட்டிக்கும் சிறுவனுக்கும் அவையே ஒத்துக்கொள்ளும்.

அருகில் இருப்பவை

தொலைவிலிருந்து வருபவருக்கான திட்டத்தை வகுக்கும்போது, உள்ளூரில் இருப்பவை தப்பிவிடுகின்றன. பொன்னமராவதியிலேயே சோழீசுவரர் கோயில் உள்ளது. 12ஆம் நூற்றாண்டில் பாண்டிய அரியணைக்காக நடந்த போரில் இலங்கைப் படை இவ்வூர்வரை வந்ததை அந்நாட்டு வரலாற்று நூலாகிய சூளவம்சம் பதிவு செய்துள்ளது. அருகிலுள்ள கொன்னையூர் மாரியம்மன் கோயிலின் பங்குனித் திருவிழா நாள்களில் பேருந்துகளில் இடம் கிடைப்பது அரிது. திருவிழாவைக் காண வருபவர் அந்நாளைத் தேர்ந்தும், பிறர் அதைத் தவிர்த்தும் வரவேண்டும். சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் அமைந்த பூலாங்குறிச்சியின் பாறைக் கல்வெட்டு, ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டில் தமிழ் எழுத்து வட்டெழுத்தாக உருமாறிக்கொண்டிருந்த நிலையைக் காட்டுகிறது. தமிழ் பயிலும் மாணவருக்கு அது பல அரண்மனைகளுக்கு ஈடானது.

ஒலியமங்கலம் என்னும் சிற்றூரைச் சுற்றுலாப் பட்டியல்களில் காண இயலாது. சங்ககாலத்து ஒல்லையூர் இதுவே என ஆய்வாளர் அடையாளம் காட்டுவர். ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியனின் பெயரில் உள்ள ஊர் அது; ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபோது, அவன் நாட்டில் முல்லை ஏன் பூத்தது என்று குடவாயிற் கீரத்தனார் வருந்திப் பாடியதும் அவ்வூரை நினைத்தே. சிங்கம்புணரிப் பக்கம் உயர்ந்து நிற்கும் பிரான்மலை, பாரியின் பறம்புமலை. புறநானூற்றைப் பாடமாகப் படிக்கும் மகளுக்கு இவ்விரண்டும் பேருந்துக் கட்டணத்தில் கிட்டும் இடங்கள். பிரான்மலையின் உச்சிக்கு ஏறும் பாதை கடினமானது. அடிவாரத்தில் உள்ள கொடுங்குன்றநாதர் கோயில் திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம். விடுமுறையில் மூன்றாவது நாள் ஒன்று மிஞ்சுமானால், காலையில் வெயில் ஏறுமுன் பிரான்மலைக்குச் சென்று திரும்பி, நண்பகல் உணவைப் பொன்னமராவதியிலேயே உண்ணலாம்.